கரிசல் பிள்ளைக்கு ஒரு புதுப் படிப்பு

இடைசெவலில் என் மாணாக்கன் ஒருவன் நிலவெளி வடிவமைப்புக் கலை பயில விரும்பினான். அவனுடைய பாட்டனார் என்னிடம் வந்து, "என்ன வாத்தியாரையா, மரம் வைக்கிறதைப் படிக்கவா பட்டணம் போகணும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் இது வெறும் தோட்டவேலையன்று. மண்ணின் குணம், நீரின் ஓட்டம், மரத்தின் நிழல், மனிதரின் நடமாட்டம் ஆகியவற்றை ஆராய்ந்து வெளியிடத்தை வகுக்கும் வித்தை. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை 1900-லேயே இதைப் பாடமாக்கிற்று. டில்லியிலுள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியில் 1972-ல் தொடங்கிற்று. சென்னை அண்ணா பல்கலைக் கழகத்திலும் உண்டு.

முதலில் ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டம். அப்பால் இரண்டாண்டு முதுகலை. இதுவே வழக்கமான மார்க்கம். பணம் கட்டுமுன், அந்தப் பட்டத்துக்குக் கட்டடக்கலைக் கவுன்ஸிலின் அங்கீகாரம் உண்டா என்று பெற்றோர் விசாரிப்பது அவசியம். இல்லையேல், 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்துகொள்ள இயலாது.

நமது கரிசலோ மழையில் உப்பும். கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். அதில் பசும்புல் விரிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? வேம்பும் பனையும் கண்மாயுமே இம்மண்ணுக்கு ஏற்றவை. இதையறியாத நிபுணர் வரைவது காகிதத்தோடு நின்றுவிடும்.

"பெரியவரே, வெள்ளம் எப்பக்கம் பாயுமென்று உங்களுக்குத் தெரியும். அதை அளந்து வரைந்துகாட்ட உங்கள் பேரனுக்குத் தெரியட்டும்" என்றேன்.

பெரியவர் சற்று யோசித்தார். "அப்படின்னா போகட்டும். படிச்சு முடிச்சதும் முதல்லே நம்ம கண்மாயைப் பார்க்கச் சொல்லுங்க, சீமைக் கருவேலம் மண்டிக் கெடக்கு" என்றார்.

படிப்பின் பயனை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?