பல்லும் வயதும்

பெங்களூருக்கு அருகிலுள்ள காட்டி சுப்பிரமணியாவில் ஆண்டுதோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. ஹள்ளிகார் காளை வாங்க வரும் உழவர் முதலில் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். நிலைப்பல் இரண்டு முளைத்திருந்தால் ஏறத்தாழ இரண்டு வயது. எட்டும் நிரம்பியிருந்தால் நான்கு அல்லது ஐந்து. அதன்பின் தேய்மானத்தைக் கொண்டே வயதைக் கணிப்பர்.

மனிதருக்கு இக்கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பல்லின் எனாமல் தேய்ந்தால் மீண்டும் வளராது என்பது உண்மையே. ஒரே வகை உணவை உண்டு வாழ்ந்த பழங்கால மக்களின் எலும்புக்கூடுகளைத் தம்முள் ஒப்பிட்டு வயதை மதிப்பிட ஆய்வாளருக்கு அத்தேய்மானம் உதவுகிறது. ஆனால் பெங்களூரு போன்ற நகரில் பல ஊர் மக்கள், பல உணவுகள். திரிகையில் அரைத்த மாவில் கல்துகள் கலக்கும். அதை உண்டு வளர்ந்தவரின் பல் விரைவில் தேயும். பாக்கு மெல்வோருக்கும், உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்போருக்கும் அவ்வாறே. அத்தகைய இளைஞர் ஒருவரை முதியவர் என்று கூறிவிட்டால், பிழை யாருடையது?

வயதைத் தவறாகக் கணித்தால் வாழ்வே மாறக்கூடும். 18 வயது நிரம்பாதவர் மீதான வழக்கை முதலில் இளைஞர் நீதிக் குழுமமே விசாரிக்கும். வயதில் ஐயம் எழுந்தால், 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பள்ளிச் சான்றிதழைக் கேட்கிறது. அது இல்லையேல் பிறப்புச் சான்றிதழை. இரண்டும் இல்லாதபோதே மருத்துவச் சோதனை. அதிலும் பெரும்பாலும் எலும்பின் வளர்ச்சியும் பல் முளைப்புமே நோக்கப்படும். இவ்வரிசை மிகச் சரியானது. பிழைப்புக்காக இடம்பெயர்வோர் பாத்திரம் பண்டங்களை மறவாமல் மூட்டை கட்டுவர். சான்றிதழோ பழைய வீட்டுப் பரணிலேயே தங்கிவிடும்! பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். தவறினாலும் தாமதக் கட்டணம் செலுத்தி, உரிய அனுமதியுடன் பதியலாம்.