யானைமலைக்கு ஒரு சாட்சி

திருச்சி சாலையில் பஸ்ஸில் வருபவர்களுக்கு, ஒத்தக்கடை அருகே படுத்திருக்கும் யானைமலைதான் மதுரையின் முதல் அடையாளம். பிழைப்புக்காக சிஞ்ச்வட் வரை போன மதுரைக்காரருக்கும் அதைக் கண்டால்தான் ஊர் வந்த நிம்மதி. இந்த மலையை 1858-ன் தொடக்கத்திலேயே ஒருவர் கறுப்பு வெள்ளையில் பிடித்து வைத்துவிட்டார். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன். சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வ புகைப்படக்காரர்.

கண்ணாடித் தகட்டில் படம் எடுப்பவர்கள் ஈரம் காய்வதற்குள் கழுவியாக வேண்டிய காலம் அது. நம் வெயிலில் அது பெரும்பாடு. டிரைப் மெழுகு பூசிய காகிதத்தையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லலாம் என்பது வசதி. ஆனால் படம் பதிய நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நடமாடும் மனிதர்கள் பதியவே மாட்டார்கள். மலைக்கு அந்தப் பிரச்னை இல்லை.

பிரச்னை வானத்தில் இருந்தது. அன்றைய ரசாயனம் நீல நிறத்தை அளவுக்கு மீறி உள்வாங்கியதால் வானம் வெறும் வெள்ளையாகவும், பசுமையெல்லாம் கரிய திட்டாகவும் விழும். டிரைப் நெகட்டிவின் மீதே வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார், இலைகளைத் துலக்கினார். உள்ளதை உள்ளபடி காட்டுவதாகப் பெயர் வாங்கிய கறுப்பு வெள்ளைப் படத்தில் அப்போதே கைவேலை உண்டு.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியதும் அவர்தான். இத்தனைக்கும் பரிசு? 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இதை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். அதன்பின் டிரைப் கேமராவை அநேகமாகத் தொடவில்லை. 1902-ல் இறந்தார். அவருக்கெனப் பெரிய கண்காட்சி வாஷிங்டனில் நடந்தது 2014-ல்.

அந்த 'ஆடம்பரத்தின்' மதிப்பு மதுரைக்காரர்களுக்குப் புரியும். இந்த மாவட்டத்தில் மலைகளும் குன்றுகளும் கிரானைட் பலகைகளாகிக் கப்பலேறியிருக்கின்றன. குவாரி முறைகேடுகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய் வரை இழப்பு என்று 2012-ல் கலெக்டராக இருந்த சகாயம் எழுதினார். பணத்துக்காவது ஒரு கணக்கு இருந்தது. வெட்டப்பட்ட குன்றுகள் எப்படி இருந்தன என்று காட்ட, பலவற்றுக்கு ஒரு நல்ல படம்கூடக் கிடையாது.

யானைமலைக்கு டிரைப்பின் படம் இருக்கிறது. அதைவிடப் பெரிய காவலும் இருக்கிறது. 2010-ல் அங்கே சிற்ப நகரம் அமைக்கும் யோசனை வந்தபோது சுற்றுவட்டார கிராம மக்கள் போராடினார்கள், யோசனை கைவிடப்பட்டது. சமணர் சிற்பங்களையும் நரசிங்கப் பெருமாள் குடைவரையையும் சுமந்தபடி யானை இன்னும் படுத்திருக்கிறது. படத்தையும் மலையையும் இன்றும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. தமிழகத்தில் எல்லா மலைகளுக்கும் இந்த பாக்கியம் வாய்க்கவில்லை.