கோடுதானே?

“எல்லையாவது, மண்ணாங்கட்டியாவது! எல்லாம் வெறும் கோடுதானே?” என்று சொல்லுகிறவர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். கேட்பதற்கு இனிமையான வாக்கியம். விசாலமான மனத்துக்கு அடையாளம்போலவும் தோன்றுகிறது. ஆனால், சொல்லுகிறவர் யார், எங்கே நின்றுகொண்டு சொல்லுகிறார் என்று விசாரித்துப் பார்த்தால், அந்த விசாலம் பெரும்பாலும் அவர் சட்டைப்பையிலுள்ள பாஸ்போர்ட்டின் விசாலம் என்பது விளங்கிவிடும்.

இந்த வாக்கியத்துக்காக முதல் தாம்பூலம் பெறத் தக்கவர்கள், முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு உலகம் சுற்றும் இளந் தம்பதிகள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மலிவான விடுதியில் தங்கி, கிடைத்ததைத் தின்று, கால் நோக நடந்து ஊர் பார்க்கிறார்கள். நல்ல காரியந்தான். என் சண்டையெல்லாம் அவர்கள் திரும்பி வந்து நமக்குச் சொல்லுகிற தத்துவத்தோடுதான்.

ஆப்பிரிக்காவில், ஸாம்பியாவுக்கும் ஸிம்பாப்வேக்கும் நடுவே விழுகிறது விக்டோரியா நீர்வீழ்ச்சி. ஸாம்பஸி நதி சுமார் 1,700 மீட்டர் அகலத்துக்கு ஒரே திரையாக, நூறு மீட்டருக்கும் அதிகமான பள்ளத்தில் குதிக்கிறது. நம் தம்பதிகள் காலையில் ஸாம்பியாக் கரையிலுள்ள லிவிங்ஸ்டன் என்ற ஊரில் பலகாரம் முடித்துப் புறப்படுகிறார்கள். சாவடியில் முத்திரை குத்திக்கொண்டு, பாலத்தை நடந்து கடந்து, மறு தேசத்திலிருந்து அருவியைப் பார்த்துச் சாரலில் நனைந்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு தேசங்களுக்கும் சேர்த்து ஒரே விசா தரும் ஏற்பாடும் 2014-ல் வந்தது. “இவ்வளவுதானா எல்லை?” என்று அவர்களுக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் என்ன?

அவர்கள் நடந்த பாலத்தின் கதையைக் கொஞ்சம் கேட்கட்டும். அந்த அருவியை அங்கேயிருந்த ஜனங்கள் ‘மோஸி-ஓவா-துன்யா’, அதாவது முழங்குகிற புகை, என்று அழைத்தார்கள். 1855-ல் வந்த லிவிங்ஸ்டன் அதற்குத் தம் ராணியின் பெயரைச் சூட்டினார். பிறகு வந்த ஸெஸில் ரோட்ஸ், ரயில் போகும்போது அருவியின் சாரல் அதன்மேல் தெறிக்கும்படியான இடத்தில் பாலம் கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டார். 1902-ல் அவர் இறந்துபோனார்; பாலம் 1905-ல் திறக்கப்பட்டது. அப்போது இரு கரைகளும் அவருடைய கம்பெனியின் ஆட்சியில் இருந்தன. வடக்கே ஒரு ரொடீஷியா, தெற்கே ஒரு ரொடீஷியா. கம்பெனிக்கு மட்டும் அது நிஜமாகவே வெறும் கோடு!

ஆனால் அந்தக் கோடு பிற்பாடு என்ன ஆயிற்று? வடகரை 1964-ல் விடுதலை பெற்று ஸாம்பியா ஆயிற்று. தென்கரையில் இருந்த வெள்ளைச் சிறுபான்மை சர்க்கார், பெரும்பான்மையோரான கறுப்பு மக்களிடம் அதிகாரம் போய்விடக் கூடாதென்று, 1965-ல் தானே சுதந்திரப் பிரகடனம் செய்துகொண்டது. 1973-ல் எல்லையை மூடினார்கள். அதே ஆண்டு மே மாதத்தில், அருவிக்குக் கீழே ரொடீஷியக் கரையில் நின்ற இரண்டு கனடா தேசத்து இளம் பெண்கள், எதிர்க்கரை ஸாம்பியச் சிப்பாய்களின் குண்டுக்குப் பலியானார்கள். அவர்களும் அருவி பார்க்க வந்தவர்கள்தாம். 1975 ஆகஸ்டில் சமாதானம் பேசியபோது பாலத்தின் நடுவே ஒரு ரயில் பெட்டியை நிறுத்தினார்கள். ஒரு கட்சி பெட்டியின் ஒரு பாதியில். மறு கட்சி மறு பாதியில். அவரவர் தம் மண்ணை விட்டு இறங்காமல் பேசிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. தென்கரை ஸிம்பாப்வே ஆக 1980 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

“அதெல்லாம் பழங்கதை ஐயா, இப்போது பாலம் திறந்துதானே கிடக்கிறது?” என்பீர்கள். யாருக்கு? அதே பாலத்தில் தலைச்சுமையோடு சில்லறை வியாபாரத்துக்குப் போகிற பெண்ணையும் கொஞ்சம் பாருங்கள். தம்பதியின் முதுகில் இருப்பது மூட்டை. அவள் தலையில் இருப்பது சரக்கு. அவளுடையதைத்தான் சுங்கத்துக்காரர் அவிழ்க்கச் சொல்லுவார். தம்பதிக்கு முத்திரை ஒரு ஞாபகச் சின்னம். அவளுக்கு அன்றைய அடுப்பு எரிவதும் எரியாததும் அதில் இருக்கிறது. அவளிடம் போய், “கோடுதானே அம்மா?” என்று சொல்லிப் பாருங்களேன்!

“தண்ணீருக்கு எல்லை உண்டா?” என்று கவிதை பேசுகிறவர்களும் உண்டு. உண்டு ஐயா. ஸாம்பியாக் கரையில் அருவிக்கு மேலேயே தண்ணீரைத் திருப்பி மின்சாரம் எடுக்கிறார்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்தப் பக்கத்துப் பாறை ஏறக்குறைய வறண்டே கிடக்கும். அப்போது நீர் விழுவதைப் பார்க்கத்தான் ஜனங்கள் அக்கரைக்கு ஓடுகிறார்கள். எவ்வளவு நீரை மின்சாரத்துக்கு எடுப்பது, எவ்வளவை அருவிக்கு விடுவது என்று தீர்மானிப்பது மேகம் அல்ல, மனிதன்.

எல்லைகள் அழியவேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. நாளைக்கே அழியட்டும். ஆனால், தனக்குத் திறந்த கதவைப் பார்த்துவிட்டுக் கதவே இல்லை என்று பிரசங்கம் செய்வது பரந்த மனம் ஆகாது. கதவுக்கு வெளியே நிற்கிறவனை அது மறைத்துவிடுகிறது. அவன் நிற்பதற்கு அவனே காரணம் என்றும் ஆக்கிவிடுகிறது. எனவே, அருவி பார்க்கப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஒரு நாளில் இரண்டு தேசமும் பார்க்கட்டும். திரும்பி வந்து, “எல்லையே இல்லை” என்று மட்டும் சொல்ல வேண்டாம். “எங்களை விட்டார்கள்” என்று சொல்லட்டும். அதுதான் உண்மை.