வாரியம்கிட்ட விட்டுட்டா சரியாயிடுமா?

"இதையெல்லாம் அரசியல்வாதிங்க கையிலேருந்து பிடுங்கி, விஷயம் தெரிஞ்ச நாலு பேரை வெச்சு ஒரு வாரியம் அமைச்சுக் குடுத்துடணும் பாஸ்." ஆபீஸ் காபி மெஷின் பக்கத்துல வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த வசனம் காதுல விழுந்துடும். சொல்றவர் பெரும்பாலும் நம்ம ஜாதிதான், அதாவது இன்ஜினியரிங் படிச்ச ஜாதி. நல்ல மனுஷங்கதான். ஆனா இந்தக் கருத்து தப்பு. வெறும் தப்பு இல்லை, ஏற்கனவே ஒரு நாட்டுல செஞ்சு பார்த்து நல்லா அடி வாங்கின தப்பு. அதைத்தான் இன்னிக்கு சொல்லப்போறேன்.

ரெண்டு உலகப்போருக்கும் நடுவுல இருந்த பிரிட்டன். அந்தக் காலத்து பாராளுமன்ற நடவடிக்கை மொத்தமும், ஹன்சார்டுன்னு சொல்வாங்களே, இணையத்துல இலவசமா கிடக்குது. 1909லேருந்து சபையே தன் சொந்தப் பொறுப்புல வார்த்தைக்கு வார்த்தை எழுதி வெச்சது. ராத்திரி ஒரு மணிக்கு உக்காந்து அதைப் படிக்கற ஆள் நான். (கல்யாணம் ஆகாதவன், வேற என்ன பண்றது.) சர்ச்சில் பேச்சு மாதிரி பெரிய மேட்டரைத் தேடிப் போனா ஏமாந்துடுவீங்க. கேள்வி நேரத்தைப் படிங்க. திங்கள் முதல் வியாழன் வரைக்கும், மத்தியானம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால பதில் சொல்லணும், மத்ததுக்கு எழுத்துல. ஒரு உறுப்பினர் ஒரு நாளைக்கு 8 வாய்மொழிக் கேள்வி வரைக்கும்தான்னு 1909ல வரம்பு வெச்சாங்க. கூட்டம் தாங்காம 1920ல அதை 3 ஆக்கினாங்க. அவ்வளவு போட்டி.

கேட்டதெல்லாம் என்ன? அந்த கிராமத்துக்கு தொலைபேசி எப்ப வரும், இந்தப் போர்வீரனுக்கு ஊனமுற்றோர் பென்ஷன் ஏன் நின்னுபோச்சு, அந்த ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்துல இன்னாரோட மனுவை ஏன் தள்ளுபடி பண்ணாங்க. தபால்துறை அமைச்சர், பென்ஷன் அமைச்சர், தொழிலாளர் அமைச்சர்னு வரிசையா எழுந்து ரெண்டு வரி, மூணு வரி பதில். படிக்க செம போர்தான், ஒத்துக்கறேன்.

ஆனா அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு பாருங்க. கேள்வி பதிவானதும் அது துறைக்குப் போகும். ஒரு கோப்பு திறக்கணும். எங்கயோ இருக்கற உள்ளூர் அதிகாரி, தான் ஏன் அப்படி முடிவெடுத்தேன்னு மேலிடத்துக்கு எழுதி அனுப்பணும். துணைக்கேள்வி எதுல வரும்னு யாருக்கும் தெரியாது, அதனால அமைச்சருக்கு எல்லாத்தையும் சொல்லி வெக்கணும். நம்ம பாஷையில சொன்னா, ஒரு சாதாரண வாடிக்கையாளர் போட்ட டிக்கெட்டு நேரா டைரக்டர் தலையில ஏறி உக்காருது. பதில் மழுப்பலா இருக்கலாம். ஆனா கோப்பு திறந்தாச்சு இல்லையா? வேலை பாதி அங்கயே முடிஞ்சுது.

அமைச்சர்கள் எல்லாரும் உத்தமர்கள்னு நான் சொல்ல வரலை. 'உண்மையிலேயே வேலை தேடுகிறவர்' என்று நிரூபித்தால்தான் உதவித்தொகைன்னு ஒரு விதி 1921ல வந்தது, 1924ல அது எல்லாருக்கும்னு ஆச்சு. வேலையே இல்லாத ஊர்ல, வேலை இல்லைன்னு தெரிஞ்ச தொழிற்சாலை வாசலுக்கெல்லாம் மனுஷன் தினமும் நடந்து காட்டணும். இதைப்பத்தி சபையில வருஷக்கணக்குல குடைஞ்சாங்க. தனி மனுவுல தலையிட எனக்கு அதிகாரமில்லை, அதுக்குன்னு நடுவர்கள் இருக்காங்கன்னு அமைச்சர்கள் நழுவினதும் உண்டு. ஆனா குடைச்சல் நிக்கலை. கடைசியா 1930ல, மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் தொழிலாளர் அமைச்சரா இருந்தப்ப, அந்த விதி போச்சு. (பிரிட்டனோட முதல் பெண் கேபினட் அமைச்சர் இவங்கதான். இவங்களே அடுத்த வருஷம் கல்யாணமான பெண்களோட உதவித்தொகையில கை வெச்சாங்க. அது தனிப் பதிவு போடற அளவுக்கு இருக்கு.)

இப்ப மெயின் மேட்டர். 1931ல நெருக்கடி முத்தி, நீண்டநாள் வேலையில்லாதவங்களுக்கு குடும்ப வருமான சோதனை வந்தது. பையன் சம்பாதிச்சா அப்பாவுக்கு வெட்டு. சேமிப்பு இருந்தா வெட்டு. சோதனை பண்ணது உள்ளாட்சிக் குழுக்கள். அதுல சில குழுக்கள் ரொம்ப தாராளமா இருக்காங்கன்னு சொல்லி, 1932ல ராதர்ஹாம், டர்ஹாம் ரெண்டு இடத்துலயும் குழுவை ஓரங்கட்டிட்டு ஆணையர்களை உக்கார வெச்சாங்க. அப்பதான் நிதியமைச்சர் நெவில் சேம்பர்லேனுக்கு நம்ம காபி மெஷின் ஐடியா பிடிச்சுது. உதவித்தொகையை அரசியலிலிருந்தே எடுத்துடலாம், தனியா ஒரு வாரியம். 1934ல சட்டம் வந்தது, வேலையின்மை உதவி வாரியம். முதல் தலைவர் யார் தெரியுமா? சட்டத்தைக் கொண்டுவந்த தொழிலாளர் அமைச்சர் ஹென்றி பெட்டர்டனேதான்! லார்ட் ரஷ்கிளிஃப்னு பட்டம் வாங்கிட்டு, கேள்வி வர நாற்காலியிலேருந்து கேள்வி வராத நாற்காலிக்கு மாறிக்கிட்டார். இதைவிட அழகா இந்த ஐடியாவை யாராலயும் விளக்க முடியாது.

1935 ஜனவரியில வாரியத்தோட புது விகிதங்கள் அமலுக்கு வந்தது. நிபுணர்கள் கணக்கு போட்டது, தேசம் முழுக்க ஒரே சீரா. ஆயிரக்கணக்கான வீடுகள்ல வாங்கிட்டிருந்த காசு குறைஞ்சுபோச்சு. தெற்கு வேல்ஸ்ல ஜனம் கடல் மாதிரி தெருவுக்கு வந்தது. மெர்தர் டிட்ஃபில்ல பெண்கள் முன்னாடி நின்னு வாரிய அலுவலகத்தையே அடிச்சு நொறுக்கினாங்க. தொகுதியிலேருந்து வந்த கடிதங்களைப் பார்த்து ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்கே வயித்தைக் கலக்கிடுச்சு. யாரைப் பிடிச்சு உலுக்கினாங்க? வாரியத்தலைவரையா? இல்லை, புது தொழிலாளர் அமைச்சர் ஆலிவர் ஸ்டான்லியைத்தான். ஏன்னா அவர்தான் சபையில கையில கிடைக்கற ஆள். பிப்ரவரியில அவர் எழுந்து நின்னு வெட்டை நிறுத்தறதா அறிவிச்சார். பழைய விகிதம், புதுசு, எது அதிகமோ அது.

ரெண்டு மாசம்கூட தாங்கலை அய்யா உங்க 'அரசியலற்ற' வாரியம்.

இது வலதுசாரி வியாதி மட்டும்னு நினைக்காதீங்க. லேபர் கட்சி ஹெர்பர்ட் மாரிசனும் இதே ஆள்தான். 1933ல லண்டன் பஸ், டிராம், சுரங்க ரயில் எல்லாத்தையும் ஒரே வாரியத்துக்குக் கீழ கொண்டுவந்தது அவரோட திட்டம். தினசரி நிர்வாகத்துல அரசியல் தலையீடு கூடாதுங்கறது கொள்கை. பிபிசியும் அப்படித்தான். 10 ஷில்லிங் லைசன்ஸ் கட்டற ஜனத்துக்காக நிகழ்ச்சியைப்பத்திக் கேட்டா, அது என் பொறுப்பில்லைன்னு தபால்துறை அமைச்சர் ஒதுங்கிடுவார். பிபிசி விஷயத்துல அது நல்லதுதான்னு நானே சொல்வேன். 1926ல வந்த மத்திய மின்சார வாரியமும் நாடு முழுக்க கம்பி இழுத்து நல்லா சாதிச்சுது. கம்பம் எங்க நடணும்னு முடிவு பண்ண இன்ஜினியர் போதும். பையன் சம்பளத்துக்காக அப்பா காசுல எவ்வளவு வெட்டணும்ங்கறதுக்கு இன்ஜினியர் போதாது. இந்த வித்தியாசம்தான் நம்மாளுங்களுக்குப் புரிய மாட்டேங்குது.

"கேட்டு மட்டும் என்ன கிழிச்சாங்க?"ன்னு ஒருத்தர் வருவார். ஜாரோ ஊர்லேருந்து 200 பேர் 1936ல லண்டனுக்கு நடந்தே வந்தாங்க. எலன் வில்கின்சன் அவங்க மனுவை சபையில வெச்சப்ப, அமைச்சர் வால்டர் ரன்சிமன் என்ன சொன்னார்? சமீப மாசங்கள்ல ஜாரோ நிலைமை கொஞ்சம் தேறியிருக்குன்னார். அன்னிக்கு ஒண்ணும் கிடைக்கலை, உண்மை. ஆனா அந்த வாக்கியம் அவர் பேரோட, தேதியோட இன்னிக்கும் அங்கயே நிக்குது. வாரியம் மழுப்பினா எந்த ஹன்சார்டுல போய்த் தேடுவீங்க?

கேள்வியே கூடாதுன்னா என்ன ஆகும்ங்கறதுக்கும் அங்கயே உதாரணம் இருக்கு. வடக்கு அயர்லாந்துக்குத் தனி பாராளுமன்றம் குடுத்தப்புறம், அதுகிட்ட ஒப்படைச்ச விஷயங்களை லண்டன்ல கேட்கக்கூடாதுன்னு 1923ல சபாநாயகர் தீர்ப்பு சொன்னார். வீட்டு ஒதுக்கீட்டுல, உள்ளாட்சித் தேர்தல்ல கத்தோலிக்கர்களுக்கு நடந்த பாரபட்சம் நாப்பது வருஷத்துக்கு மேல வெஸ்ட்மின்ஸ்டர் காதுக்கே சரியா போகலை. 1968ல அது தெருவுக்கு வந்தது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

நட்சத்திரக் கேள்வியை நாமும் அங்கேருந்துதான் எடுத்துக்கிட்டோம். 2020 செப்டம்பர்ல கொரோனாவைச் சொல்லி கேள்வி நேரத்தையே ரத்து பண்ணப்ப, எழுத்துல பதில் வருதே, அப்புறம் என்னன்னு கேட்டவங்க நம்ம பதிவர்கள்லயே உண்டு. எழுத்து பதிலுக்கு துணைக்கேள்வி கேட்க முடியாது சாமி. அடுத்த தடவை வாரியம் வேணும்னு எழுதறவங்க, அந்த வாரியத்தை யார், எந்த மேடையில, எத்தனை நாளைக்குள்ள கேள்வி கேட்பாங்கன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்க. அதைப் படிச்சுட்டு மேற்கொண்டு சண்டை போடலாம்.