பழைய வீடியோ கேமுக்குப் புது கிராபிக்ஸ் கார்டு தேவையா?

சென்ற மாதம் முத்தியால்பேட்டையில் இருக்கும் என் மாமா ஒரு கொட்டேஷன் பேப்பருடன் வீட்டிற்கு வந்தார். "மாப்ளே, அந்தக் காலத்து முஸ்தபா கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் கேட்டேன். இது சரியா, பாரு" என்றார். எட்டு கோர் ப்ராசசர், 32 ஜிபி ராம், பெரிய கிராபிக்ஸ் கார்டு என மொத்தம் 85,000 ரூபாய். போன வருடம் வாங்கிய கம்ப்யூட்டர் அவர் வீட்டில் இருக்கும்போதே இந்தச் செலவு!

காசு போட்டு விளையாடும் கடைகளில் நாம் முஸ்தபா என்று அழைத்த கேமின் உண்மையான பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. அந்த மெஷினில் இருந்தது 12 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள மோட்டரோலா 68000 ப்ராசசர். திரையில் 384 x 224 புள்ளிகள் மட்டுமே. இதற்கு எதற்கு கேமிங் கார்டு?

இத்தகைய மெஷின்களைப் போல நம் கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் புரோகிராமுக்கு எமுலேட்டர் என்று பெயர். 1997-ல் வெளிவந்த மேம் என்ற இலவச எமுலேட்டர் புகழ் பெற்றது. பழைய சிப் செய்யும் ஒவ்வொரு வேலையையும் இது சாஃப்ட்வேர் மூலம் செய்து காட்டுகிறது. இந்தச் சுமை பெரும்பாலும் ப்ராசசரின் ஒரே ஒரு கோர் மீது விழுகிறது. எனவே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம்தான் முக்கியம். 2டி கேம்களுக்கு ப்ராசசருடன் வரும் கிராபிக்ஸும் 4 ஜிபி ராமும் போதும். 90-களின் கடைசியில் வந்த 3டி கேம்களுக்கு மட்டும் வேகமான ப்ராசசர் வேண்டும்.

நானும் ஏமாந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் போனஸ் பணத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். அப்போதும் தம்பியுடன் விளையாடும்போது குத்து விழவில்லை. கார்டைக் குறை சொன்னேன். பின் ப்ராசசரைக் குறை சொன்னேன். உண்மையான குற்றவாளி கீபோர்டு! சாதாரண கீபோர்டில் பல கீகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் சில பதிவாகாது. ஒரே கீபோர்டில் இரண்டு பேர் சண்டை போட்டால் கேட்கவா வேண்டும்?

ஆகவே பணத்தை ஜாய்ஸ்டிக், மைக்ரோ ஸ்விட்ச் உள்ள பட்டன்கள், அவற்றை யூஎஸ்பி போர்ட்டில் இணைக்கும் போர்டு ஆகியவற்றில் போடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் செல்பவர்கள் அங்கே விசாரிக்கலாம். நம் ஊர் உப்புக் காற்றில் இணைப்புகள் துருப்பிடிக்கும் என்பதால், பெட்டியை ஈரம் தாங்கும் ப்ளைவுட்டில் செய்து மூடி வையுங்கள். பிளக் பாயிண்ட்டில் எர்த் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டிவியில் இணைத்தால் கேம் மோடுக்கு மாற்றுங்கள். பட்டனை அழுத்தியதும் ஏற்படும் தாமதம் குறையும்.

இன்னொரு விஷயம். எமுலேட்டர் இலவசம் என்பதால் கேம்களும் இலவசம் ஆகிவிடாது. ராம் என்று நான் மேலே சொன்னது மெமரி. கேம் இருக்கும் ரோம் ஃபைல் வேறு. அதற்குப் பதிப்புரிமை உண்டு. உரிமையாளர்களே அனுமதித்த ராபி ரோட்டோ, கிரிட்லீ போன்ற சில கேம்கள் மேம் தளத்தில் கிடைக்கின்றன. கேப்காம் 2018-ல் தன் பழைய சண்டை கேம்கள் ஏழினைத் தொகுப்பாக விற்பனைக்கு விட்டது. அதில் முஸ்தபா இல்லை என்றதும் மாமா முகம் வாடியது உண்மை.

ஆனாலும் வீட்டில் இருந்த கம்ப்யூட்டரிலேயே அந்தத் தொகுப்பைப் போட்டோம். மூன்று ஜாய்ஸ்டிக் பெட்டிகள் மட்டும் புதிது. மாமா, அவர் மகன், நான் மூவரும் கேப்டன் கமாண்டோ ஆடினோம். மாமாதான் முதலில் அவுட். "காசு போடுடா" என்றார்!

கொட்டேஷன் பேப்பரை வாங்கியதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் என் கை படும் பாகம் எது? செலவை அங்கிருந்து தொடங்குங்கள்.