இளைஞரின் தோள் மட்டும் போதுமா?

அனர்த்தம் ஒன்று நேர்ந்தவுடன் அவ்விடத்துக்கு முதலில் ஓடிவருவோர் அயலவர்களே. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி, இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கடல் காவுகொண்ட வேளையில், காயமுற்றோரைத் தூக்கிச் சென்றவர்களுள்ளும் சடலங்களை மீட்டவர்களுள்ளும் அயற்கிராமத்து இளைஞர் பலர் இருந்தனர். நிறுவனங்களின் வாகனங்களும் பதாகைகளும் பின்னரே வந்தன.

அவை வந்தபின் இளைஞருக்கு என்ன இடம் கொடுக்கப்படுகிறது என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி. பல இடங்களில் பெயர்ப்பட்டியலைத் தயாரிப்பவர் ஒருவர், பங்கீட்டைத் தீர்மானிப்பவர் இன்னொருவர். இளைஞருக்கு எஞ்சுவது அரிசி மூடை இறக்கும் வேலை. யுவதிகளுக்கு எஞ்சுவது சமையல் வேலை. எந்த ஒழுங்கையில் நடக்க இயலாத முதியவர் இருக்கிறார், எந்தக் கிணறு உவர்நீராயிற்று, எந்தக் குடும்பம் பட்டியலில் விடுபட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை ஒதுக்கிவிட்டு அவர்களது தோளை மாத்திரம் பயன்படுத்துவது நீதியுமன்று, விவேகமுமன்று.

மனிதாபிமானப் பணியின் வரலாறே இளைஞரோடு பின்னிப் பிணைந்தது. 1852இல் ஜெனீவாவில் வை.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் ஹென்றி டுனான்ற். 1859 ஜூன் மாதம் சொல்பரீனோ போர்க்களத்துக்கு அருகிலுள்ள காஸ்திலியோனே நகரில், ஆலயங்களிலும் வீடுகளிலும் கிடத்தப்பட்ட போர்வீரர்களுக்கு, எந்நாட்டவர் எனப் பாராது ஊர்ப் பெண்களுடன் சேர்ந்து அவர் பணிவிடை செய்தார். அப்பொழுது அவருக்கு வயது 31. அந்த அனுபவத்திலிருந்தே 1863இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2015 டிசெம்பரில் நிறைவேற்றிய 2250ஆம் இலக்கத் தீர்மானம், சமாதான முயற்சிகளின் தீர்மானங்களில் இளைஞரும் பங்குகொள்ள வேண்டுமென வலியுறுத்தியது. 2016இல் இஸ்தான்புல் நகரில் கூடிய உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில் இளைஞருக்கான உடன்பாடொன்றும் வெளியிடப்பட்டது. இவை ஏட்டில் மட்டும் இருந்தால் எமது கிராமங்களுக்குப் பயனில்லை.

அதேவேளை, இளைஞர் அமைப்புகளும் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. எமது விளையாட்டுக் கழகங்களும் வாலிபர் சங்கங்களும் பெரும்பாலும் ஊர், சமயம், சாதி என்னும் வேலிகளுக்குள் வளர்ந்தவை. வெள்ளம் வேலி பார்ப்பதில்லை. தம் ஊரவருக்கு மட்டும் பொதி கொடுத்துவிட்டு, அடுத்த குடியிருப்பைக் கடந்து செல்லும் கழகம் செய்வது உறவுக் கடமையே. அதை மனிதாபிமானப் பணி என்று சொல்லமுடியாது. தேவை மிகுந்தவருக்கே முதலிடம் என்பதே இப்பணியின் அடிப்படை விதி.

எனவே, மாரி தொடங்குமுன் செய்யக்கூடியவற்றை இன்றே தொடங்குவோம். ஒவ்வொரு கழகமும் தன் கிராமத்தின் வரைபடத்தைத் தயாரித்து, தாழ்நிலங்களையும், முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் வாழும் வீடுகளையும் குறித்து வைக்கட்டும். ஆண்களும் பெண்களுமாகச் சிலர் முதலுதவி பயிலட்டும். பெற்றதையும் கொடுத்ததையும் சனசமூக நிலைய அறிவித்தற் பலகையில் யாவரும் காண எழுதட்டும். நிவாரணக் குழுக்களை அமைப்போர், கிராம அலுவலருக்கும் மாதர் சங்கத்துக்கும் அருகில் இளைஞர் ஒருவருக்கும் யுவதி ஒருவருக்கும் வாக்குரிமையுள்ள ஆசனம் வழங்கட்டும்.

பொறுப்பைக் கொடுக்காமல் பொறுப்புணர்வை எதிர்பார்ப்பது முறையாகாது. மூடை சுமக்கும் இளைஞரிடம் பட்டியலையும் கொடுத்துப் பார்ப்போம்.