தழையுரம் விதைக்காதது சோம்பலா?

கோடை பிறந்தால் போதும், "தக்கைப்பூண்டு விதையுங்கள், சணப்பு விதையுங்கள், மண் வளம் பெருகும்" என்ற அறிவுரை நாலா பக்கமிருந்தும் கிளம்பிவிடுகிறது. அறிவுரையில் குறை இல்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் காவிரி டெல்டாவில் பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்குப் பல இடங்களில் வெடித்துக் கிடக்கும் தரிசுதான் தெரிகிறது. உடனே, "விவசாயிக்கு யூரியா மூட்டை பழகிவிட்டது, சோம்பல் வந்துவிட்டது" என்று பழி சொல்லப்படுகிறது. இந்தப் பழி நியாயமானதல்ல.

தழையுரத்தின் அருமை விவசாயிக்குத் தெரியாததல்ல. உளுந்து, துவரை, அகத்தி, கொளுஞ்சி, தக்கைப்பூண்டு எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. முடிச்சை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுவே வேலை செய்யும் முடிச்சு. ஜெர்மன் விஞ்ஞானிகள் ஹெல்ரீகலும் வில்பார்த்தும் 1886-ல் இந்த உண்மையை வெளியிட்டார்கள். அதற்கு வெகு காலம் முன்பே இங்குள்ள விவசாயி கொளுஞ்சியை அறுத்துச் சேற்றில் மிதித்து நடவு நட்டவர்தான்.

நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 8 முதல் 10 டன் வரை பச்சைத் தழை தரும். அதை மடக்கி உழுதால் ஒரு மூட்டை யூரியாவுக்குக் குறையாத தழைச்சத்து கிடைக்கும். யூரியாவால் தர முடியாத மக்கும் மண்ணில் சேரும். இவ்வளவு லாபம் இருந்தும் ஏன் விதைப்பதில்லை? காரணங்கள் மூன்று.

முதலாவது, ஈரம். தக்கைப்பூண்டை விதைத்த 45 முதல் 50 நாட்களில், பூக்கும் பருவத்தில் மடக்கி உழ வேண்டும். தாமதித்தால் தண்டு முற்றி மக்க நாளாகும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீரில் குறுவை நடுகிறவர், அதற்கு முன் கோடை மழை ஈரத்தை நம்பித்தான் தழையுரம் விதைக்க வேண்டும். அந்த ஈரம் சில நாட்களே நிற்கும். ஏக்கருக்கு 20 கிலோ விதை அப்போது வீட்டில் இருக்க வேண்டும். ஈரம் காய்ந்த பிறகு கிடைக்கும் மானிய விதையால் யாருக்கு லாபம்?

இரண்டாவது, மாடு. உளுந்து பறித்து முடிந்ததும் வயல்வெளி முழுவதும் மேய்ச்சல் காடாகிவிடுகிறது. ஊரில் ஒருவர் மட்டும் தழையுரம் விதைத்தால் அது ஊர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் விருந்தாகும். காவலுக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது.

மூன்றாவதுதான் பெரிய காரணம். இதை யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. அது குத்தகை. தழையுரத்தின் பலன் ஒரு போகத்தோடு தீர்வதல்ல. வருடா வருடம் போட்டால்தான் மண் பொலபொலப்பாகும். அடுத்த வருடம் இந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகைதாரர், விதைக்கும் உழவுக்கும் கைக்காசு போட்டு வேறொருவர் மண்ணை ஏன் வளப்படுத்த வேண்டும்? மூட்டையைப் பிரித்து யூரியாவை வீசினால் இந்தப் போகத்திலேயே பலன் தெரிகிறது. அவர் கணக்கு அவருக்குச் சரி. நஷ்டம் மண்ணுக்கு.

தமிழக அரசு 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில், மண் வளம் காக்கும் திட்டத்தின் கீழ்ப் பசுந்தாள் உர விதை வழங்குவதாக அறிவித்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் விதை பங்குனி பிறக்கும் முன் கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்து சேர வேண்டும். விவசாயிகளும் ஐந்து சென்ட் இடத்தில் தக்கைப்பூண்டை முற்றவிட்டுச் சொந்த விதை எடுத்து வைத்துக்கொண்டால், யார் வாசலிலும் காத்து நிற்க வேண்டியதில்லை.

மேய்ச்சலுக்கு ஊர்க் கட்டுப்பாடே மருந்து. கிராமக் கூட்டத்தில் பேசி, ஒரு பகுதி வயல்களில் எல்லோரும் சேர்ந்து விதைத்து, மாடுகளை மறு பகுதிக்கு ஓட்டலாம். அது முடியாத ஊரில் கொளுஞ்சி இருக்கிறது. மாடு அதை மேயாது, வறட்சியையும் தாங்கும். தோல் கடினமான விதை என்பதால் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து, ஆறவைத்து விதைக்க வேண்டும். ஒருமுறை விதைத்துக் காய்க்கவிட்டால், உதிர்ந்த விதையே பின்வரும் வருடங்களிலும் முளைக்கும்.

குத்தகை விஷயத்தில் நில உடைமையாளர்கள் மனம் வைக்க வேண்டும். தழையுர விதைச் செலவை அவர்கள் ஏற்பதே முறை. வளம் பெறுவது அவர்கள் நிலம் அல்லவா? இல்லையேல் குறைந்தது மூன்று வருடத்துக்காவது குத்தகையை உறுதி செய்து தரட்டும். பட்டா இல்லை என்று சாகுபடி செய்கிறவருக்கு மானிய விதையை மறுப்பதும் கூடாது.

இவற்றைச் செய்துவிட்டு, அதன் பிறகும் வயல் தரிசாகக் கிடந்தால் விவசாயியைச் சோம்பேறி என்று சொல்லலாம். அதுவரை அந்தப் பேச்சு வேண்டாம்.